பச்சைப் பாறை என்று நான் சொன்னது

என் மேசையின் வலது மூலையில் ஒரு கருங்கல் துண்டு கிடக்கிறது. உரித்த தேங்காயின் பருமன் இருக்கும். ஒரு முகத்தில் வெள்ளைப் பெயின்டால் வரைந்த அம்பு, அதன் வாலருகே பன்னிரண்டு என்ற எண். மறுமுகத்தில் புகைக்கரி. எத்தனை தடவை துடைத்தாலும் அந்தக் கரி விரலில் லேசாக ஒட்டும். மின்சார ரசீது, மருந்துச் சீட்டு, யாரோ கொடுத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகை என்று இந்த வீட்டுத் தாள்கள் காற்றில் பறக்காமல் இருப்பது இந்தக் கல்லின் தயவில்தான். மருமகள் தூசி தட்டும்போது அதைத் தூக்கி, கைக்கு வந்தபடி வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் அம்பு ஜன்னலைக் காட்டும், மறுநாள் அடுக்களையைக் காட்டும். "இத எதுக்கு மாமா வச்சிருக்கிய? கனம் மட்டும்தான் உண்டும்" என்று இரண்டு வட்டம் கேட்டுவிட்டாள். சொல்லத் தொடங்கினால் நீளும் என்று இரண்டு தடவையும் மழுப்பிவிட்டேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். சொல்லாமல் வைத்திருப்பதும் அலுத்துவிட்டது.

கல் என் மைனியுடையது. மைனி என்றால் அண்ணன் மனைவி. சென்னையில் பௌதிகம் படித்துத் தேறியவர். சுதந்திரம் வந்த வருஷம் நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தார். மறு வருஷமே அண்ணன் டைபாய்டில் போய்விட்டான். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும் மைனி போகவில்லை. பெண்கள் பள்ளி ஒன்றில் விஞ்ஞான ஆசிரியை வேலை கிடைத்தது, எங்களோடேயே இருந்துவிட்டார். வீட்டில் அம்மா, மைனி, நான் மூவர்தான். நானும் வாரத்தில் ஒன்றரை நாள்தான் வீட்டில் இருப்பேன். மராமத்து இலாகாவில் கல்குவாரி ஓவர்சீயர் வேலை எனக்கு. குழித்துறைக்கு வடக்கே குவாரி. திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம் உடம்பெல்லாம் கல்தூசியோடு வந்து இறங்குவேன். முப்பது வயதுகூட ஆகவில்லை, ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் தூக்கமும் முதுகுவலியும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

பள்ளிக்கூடத்தில் தராசும் கண்ணாடிக் குடுவையும் வைத்துப் பாடம் நடத்திக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம் மைனி. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. திருவனந்தபுரத்து நூலகத்தில் ஒரு சீமைச் சஞ்சிகையில் எதையோ வாசித்துவிட்டு வந்து, அதை எழுதிய பேராசிரியருக்கே கடிதம் போட்டார். பதில் வந்தது. அதன்பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் முழுவதும் பாறையாகிவிட்டது. சில வகைக் கருங்கல் பூமிக்குள்ளிருந்து நெருப்புக் குழம்பாக ஏறி வந்து ஆறிய கல். ஆறும்போது அதற்குள் இருக்கும் இரும்புத் துகள்கள் அந்த இடத்தின் காந்தத் திசையைப் பிடித்துக்கொண்டு இறுகிவிடும். கோடி வருஷம் ஆனாலும் விடாது. "நம்ம ஊருல காந்த ஊசியத் தொங்கவிட்டா மட்டமா படுத்துக் கெடக்கும். துருவத்துப் பக்கம் போகப் போக சரிஞ்சு சரிஞ்சு செங்குத்தா நிக்கும். நம்ம ஊருப் பழைய கல்லுக்குள்ள ஊசி சரிஞ்சு நின்னா என்ன அர்த்தம்? அந்தக் கல்லு இஞ்ச பிறக்கல்ல. தெக்க, ஒருபாடு தூரத்துல பிறந்து, நிலத்தோட சேந்து இஞ்ச வந்திருக்கு" என்பார் மைனி. நம்முடைய மேற்குக் கடற்கரை ஒரு கிழிந்த ஓரம், கிழிந்த மறுபாதியின் ஓரம் கடலுக்கு அப்புறம் எங்கோ இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. அன்றைக்குப் பெரிய பெரிய படிப்பாளிகள் எல்லாம் கண்டமாவது நகர்வதாவது என்று சிரித்துக்கொண்டிருந்த காலம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அதுதான் நம்ம வடக்குச் செவுரு வெடிச்சிருக்கோ?" என்று கவலையாகக் கேட்டாள்.

கல்லுக்குள் இருக்கும் ஊசியைப் பார்க்க ஒரு கருவி வேண்டும். மைனி அதைத் தாமே செய்தார். தலைமயிரைவிட மெல்லிய இழை ஒன்றில் இரண்டு பொடிக் காந்தங்கள், ஒரு நகக்கண் அளவு கண்ணாடி. கல்லைப் பக்கத்தில் கொண்டுவந்தால் கண்ணாடி அசையும். அதில் பட்ட வெளிச்சப் பொட்டு எதிர்ச்சுவரில் ஒட்டிய அளவுகோலில் நகரும். இது இருக்கும் இடத்தில் இரும்பு இருக்கக் கூடாது. கொல்லையில் அதற்கு ஓலைக் கூரை போட்டு ஒரு அறை கட்டிக் கொடுத்தது நான். ஆணி ஒன்றுகூட இல்லாமல், கயிற்றுக்கட்டும் மரமுளையுமாக. எனக்கு அதில் இன்றும் கொஞ்சம் கர்வம் உண்டு. உள்ளே போகிறவர்கள் சாவி, குடை, பேனாக்கத்தி எல்லாவற்றையும் வாசலில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அப்படியும் தெருவில் ஒரு மாட்டுவண்டி போனால் சக்கரத்துப் பட்டை இரும்புக்கு வெளிச்சப் பொட்டு நடுங்கும். வண்டி போகாத நேரம் எங்கள் தெருவுக்கு வாரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை நேரம். தெருவே வேதக்கோயிலுக்குள் இருக்கும். மைனி அந்த இரண்டு மணி நேரம் கல்லோடு இருப்பார். "உங்க வீட்டு டீச்சரக் கோயில்ல காணல்லியே" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா தலைவலி என்று சொல்லி வந்தாள். மைனிக்கு வருஷம் முழுக்கத் தலைவலி என்றுதான் ஊர் நம்பியது.

ஐம்பத்தாறாம் வருஷம் தொடக்கத்தில் பேராசிரியர் எழுதினார். ஒரே கருங்கல் வரியிலிருந்து பன்னிரண்டு கற்கள் எடுத்து, அளந்து, அளவுகளோடு ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை அனுப்ப வேண்டும். அளவு நன்றாக இருந்தால் அவருடைய ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருஷம் வேலை செய்ய இடம். அந்த ஒரு இடம்தான் இருந்தது, வேறு ஆட்களும் கேட்டிருந்தார்கள். கடிதத்தை மைனி மடித்து வைத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் போய்விட ஆசைப்படுகிறார் என்று. அடுத்த வாரம் வந்தபோது நாகர்கோவில் வெயிலில் உட்கார்ந்து கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். "யாருக்கு மைனி?" என்றேன். "குளிருக்கு" என்றார்.

எங்கள் குவாரியிலேயே அப்படியொரு வரி இருந்தது. சாம்பல் நிறப் பாறைக்கு நடுவே கன்னங்கரேலென்று ஓடி, குவாரியைத் தாண்டி, கீழே ஓடைக்கரையிலும் தலைகாட்டும். மைனி மூன்று சனிக்கிழமை பஸ்ஸில் வந்தார். பாறையை உடைப்பதற்கு முன்னால் அது கிடந்த கிடையிலேயே ரசமட்டம் வைத்து மட்டக்கோடும், திசைகாட்டி வைத்து வடக்கைக் காட்டும் அம்பும் வரைவார். அப்போது கடப்பாரை, சம்மட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நானும் மேஸ்திரியும் இருபது அடி தள்ளிப் போய் நிற்க வேண்டும். பெயின்ட் காய்ந்த பிறகுதான் உளி. ஆறு கல் குவாரியில், ஆறு கல் ஓடைக்கரையில். முதல் நாள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார், "தம்பி, இந்தப் பாறையில வெடி கிடி வச்சதுண்டா?" நான் சொன்னேன், "இல்ல மைனி. பச்சப் பாறை." கை படாத பாறையைக் குவாரியில் அப்படித்தான் சொல்வோம். மைனி எழுதிக்கொண்டார்: பச்சைப் பாறை. தகவல்: தம்பி.

முந்தின நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தக் கரும்பாறை லேசில் விடாது. உளி மழுங்கும், கை ஓயும். மைனி வருகிற அன்று வெயிலில் நின்று நாள் முழுக்கச் சம்மட்டிச் சத்தம் கேட்க வேண்டாமே என்று நான் மேஸ்திரியிடம், "டீச்சரம்மா வருவா. கல்லு லேசா விடும்படியா செஞ்சு வையும்" என்றேன். குவாரியில் அதற்கு ஒரே வழிதான். பாறை மேல் விறகும் ஓலையும் தேங்காய்த் தொண்டும் குவித்துத் தீ மூட்டி விடிய எரியவிட்டால் பாறை விட்டுக் கொடுக்கும். அங்கே தலைமுறையாகச் செய்கிற வேலை அது. காட்டு விறகு வீணாகிறது என்று இலாகா அதைத் தடுத்திருந்தது. நான் பார்த்தும் பாராதது போல இருந்து வந்தேன். இந்தத் தடவை நானே சொன்னேன். காலையில் மைனியின் பஸ் வருவதற்கு முன்னால் மேஸ்திரியின் மனைவி சாம்பலைக் கூட்டி, தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டாள். "டீச்சரம்மைக்கக் கையில கரி ஆவப்பிடாது சாறே" என்றார் மேஸ்திரி. குவாரி முகத்தில் மூன்று வாரமும் இப்படித்தான். ஓடைக்கரைக் கல் வெயிலிலும் மழையிலும் ஏற்கெனவே விரிசல் விட்டுக் கிடந்ததால் அங்கே தீ தேவைப்படவில்லை.

மைனி அளந்தார், அனுப்பினார். மே மாதம் பதில் வந்தது. பேராசிரியரும் அளந்து பார்த்திருக்கிறார்; மைனியின் அளவு அப்படியே சரி. தொல்லை வேறு இடத்தில் இருந்தது. ஓடைக்கரைக் கற்கள் ஆறிலும் ஊசி செங்குத்தாக நின்றது; அவை நிலம் தெற்கே தூரத்திலிருந்து வந்தது என்று சாட்சி சொல்லின. குவாரிக் கற்கள் ஆறிலும் ஊசி மட்டமாகப் படுத்து, இன்றைய வடக்கைப் பார்த்துக் கிடந்தது. ஒரே வரி, ஒரே கல், ஒரே காலம். எப்படி இரண்டு சாட்சி வரும்? அம்பு வரைந்ததில் பிழை இருக்கலாம், காரணத்தைக் கண்டுபிடித்து ஜூலைக் கடைசிக்குள் எழுதுங்கள், முடியாவிட்டால் அதையும் நேர்மையாக எழுதுங்கள், இடத்தைத் தீர்மானிக்கும் குழுவுக்கு முன்னால் நான் இதை விளக்கியாக வேண்டும் என்று எழுதியிருந்தார். கடுமை ஒன்றும் இல்லாத கடிதம். அதுதான் மைனியை அரித்தது என்று நினைக்கிறேன்.

அந்த இரண்டு மாதமும் மைனி தன்னையே சந்தேகப்பட்டார். எல்லாக் கல்லையும் மறுபடி அளந்தார். திசைகாட்டியைப் பிரித்துப் பார்த்தார். அன்று கட்டியிருந்த புடவையில் ஊக்கு குத்தியிருந்தேனா என்று அம்மாவிடம் போய்க் கேட்டார். மூன்று சனிக்கிழமையும் தான் நின்ற இடம், உட்கார்ந்த இடம், கையில் பிடித்த பொருள் என்று நோட்டில் எழுதி எழுதி அடித்தார். பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டுகள் திருத்தாமல் குவிந்தன. கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. நான் சனிக்கிழமை வந்து இறங்கும்போதெல்லாம், "தம்பி, நீ எவ்வளவு தள்ளி நின்ன? கடப்பாரை எங்க இருந்திச்சு?" என்று கேட்பார். அலுப்பில் நான் ஒரு தடவை எரிந்துகூட விழுந்தேன். "எத்தன வட்டம் மைனி சொல்லுகது?" என்றேன். அவர் கருவியறைக்குள் போய்விட்டார். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா கோயிலிலிருந்து வந்து சோறு போட்டாள். மைனி அன்று கொஞ்சம் தெளிவாக இருந்தார். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வீட்டுக் கூரையிலிருந்து விழுந்த ஓட்டுத் துண்டு ஒன்றை அளந்தாராம். "என்ன சுத்தமா மட்டமா படுத்துக் கெடக்கு தெரியுமா தம்பி! சூளையில வெந்து ஆறுன எதுவும் அப்படித்தான். சூடு ஏறுனா பழச எல்லாம் மறந்துபோவும். ஆறும்போ அந்த எடத்துத் திசையப் புதுசாப் புடிச்சுக்கிடும். கருவியில பிழை இல்ல. அப்போ எனக்க கையிலதான்" என்றார்.

எனக்குப் பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. பாறை மேல் எரிந்த தீ கண்முன் வந்தது. மேஸ்திரி மனைவி கழுவிவிட்ட சாம்பல் வந்தது. பச்சப் பாறை என்று நான் சொன்ன வார்த்தையும், அதன் பக்கத்தில் மைனி எழுதிய தகவல் தம்பி என்பதும் வந்தன. அம்மா, "மீன் வைக்கட்டா மக்கா?" என்று கேட்டாள். வை என்றேன். சாப்பிட்டு முடித்தேன், கை கழுவினேன், போய்ப் படுத்தேன். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அறுபது வருஷத்துக்கு மேலாக என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். தடுத்த தீயை நானே போடச் சொன்னது எழுத்தில் வந்தால் வேலைக்குக் கேடு என்று முதலில் ஒரு காரணம் வைத்திருந்தேன். சீமையில் இருக்கிற பேராசிரியர் திருவிதாங்கூர் மராமத்து இலாகாவுக்கு எழுதிப் போடப் போகிறாரா? அதெல்லாம் சும்மா. உண்மையில் நான் பயந்தது, சொன்ன மாத்திரத்தில் மைனி என்னைப் பார்க்கப்போகும் பார்வைக்கு. இரண்டு மாதம் அவர் தன் கையை நம்பாமல் கிடந்தாரே, அவ்வளவும் என் வாயிலிருந்து போன ஒரு சொல்லால். திங்கட்கிழமை பஸ் ஏறினேன். அடுத்த சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்று வந்தேன். மைனிக்கு உண்மையாகவே தலைவலி, படுத்திருந்தார், நல்லதாகப் போயிற்று என்று விட்டேன். மறுபடி திங்கட்கிழமை. குவாரியில் யாரோ பாறை மேல் தொண்டு குவிப்பதைப் பார்த்தாலே வேறு பக்கம் நடந்துவிடுவேன். வியாழக்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்தேன்.

மைனி பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பென்சில் கையில். நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மைனி, அந்தக் குவாரிப் பாறையில தீ போட்டிருந்தோம்."

பென்சில் நின்றது. "எப்போ?"

"நீங்க வந்ததுக்கு முந்தின வெள்ளிக்கெழம. மூணு வட்டமும். நாந்தான் போடச் சொன்னேன். கல்லு லேசா விடணும்னு."

"பச்சப் பாறைன்னு சொன்னியே தம்பி."

"வெடி வச்சதுண்டான்னுதான் கேட்டிய. தீ எனக்குத் தோணவே இல்ல மைனி. அது அங்க நித்தமும் உள்ளதுதானே."

மைனி பென்சிலைக் கீழே வைத்தார். முதலில் அவர் முகத்தில் வந்தது நிம்மதி. அதை நான் எதிர்பார்க்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் கேட்டார்: "இது உனக்கு எப்போ தோணிச்சு?"

"ஓட்டுத் துண்டப் பத்திச் சொன்னியளே. அண்ணைக்கு."

விரல்களில் எண்ணினார். "பதினோரு நாளு" என்றார். "முந்தாநேத்து எழுதிப் போட்டுட்டேன் தம்பி. காரணம் தெரியல்ல, எனக்க கையில உள்ள பிழைதான், அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுங்கன்னு."

"தந்தி அடிக்கலாம் மைனி. இப்பமே போறேன்."

"தந்தியில என்னன்னு அடிக்க? கல்லு வெந்து போச்சுன்னா?" சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை. "ஒருக்கா கையில பிழைன்னு எழுதுனவ, ரெண்டு நாளு கழிச்சு கொழுந்தன் தீ போட்டான்னு எழுதுனா யாரு நம்புவா? காட்டணும். காட்டிட்டுத்தான் எழுதணும்." அடுக்களையில் அம்மா பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. மைனி தாழ்ந்த குரலில் சொன்னார், "பாறைக்குப் பதினோரு நாளு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் தம்பி."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பச்சைப் பாறை என்று எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே எழுதினார்: வெந்த பாறை. தகவல்: தம்பி. தேதி போடவில்லை. எல்லாவற்றுக்கும் தேதி போடுகிறவர் அதற்கு மட்டும் போடாமல் விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகஸ்டு மாதம் முழுக்க நானும் மைனியும் ஓடைக்கரையில் கிடந்தோம். மழை விட்டுவிட்டுப் பெய்தது. இந்தத் தடவை தீ இல்லை, மேஸ்திரியைப் பக்கத்தில் நெருங்கவே விடவில்லை. சம்மட்டி முழுக்க என் கைதான். மேஸ்திரி கரையில் நின்று, "எங்களுக்க மேல என்ன கோவம் சாறே?" என்று கேட்டார். கோபம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், புரியவைக்க முடியவில்லை. புதிதாகப் பன்னிரண்டு கல். உள்ளங்கை இரண்டும் பழுத்து நீர் கோத்துவிட்டது. அது போக மைனி ஒரு காரியம் செய்தார். பழைய ஓடைக் கற்களில் பன்னிரண்டாவது கல்லில் மீதமிருந்த துண்டைக் கொண்டுவந்தார். ஊசி செங்குத்தாக நின்ற கல். அது பிறந்த இடத்தில் கிடந்த மாதிரியே அம்பு வடக்கைப் பார்க்கும்படி வைத்து, மேஸ்திரியைக் கூப்பிட்டு, "நீங்க எப்பவும் போடுத மாதிரி தீ போடுங்க" என்றார். மேஸ்திரிக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. தொண்டு கூட்டி அருமையாகப் போட்டுக் கொடுத்தார். கல் ஆறிய பிறகு, தீயில் கருகிப்போன அம்பையும் எண்ணையும் மைனி அதே தடத்தின் மேல் மறுபடி வரைந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நேரத்தில், நான் முதல் தடவையாகக் கோயிலுக்குப் போகாமல் மைனியோடு கருவியறையில் இருந்தேன். சாவி, பெல்ட்டு, பித்தானில் இரும்பு இருந்த சட்டை எல்லாம் கழற்றி வெளியே போட்டுவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு, வெளிச்சப் பொட்டு நிற்கும் இடத்தை வாசித்துச் சொன்னேன். புதுக் கல் பன்னிரண்டிலும் ஊசி செங்குத்தாக நின்றது. ஒன்றுகூடப் பிசகவில்லை. கடைசியாகத் தீயில் போட்ட கல். அது மட்டமாகப் படுத்துவிட்டது. அத்தனை கோடி வருஷம் வைத்திருந்த நினைவை ஒரே ராத்திரித் தீயில் விட்டுவிட்டு, நான் இந்த ஊர்தான் என்று கிடந்தது. தூரத்தில் கோயிலில் பாட்டுச் சத்தம். மைனி மண்தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். "பாத்தியா தம்பி. நாம ரெண்டு பேரும் இப்பம் குத்திருக்க இந்தத் தரை தெக்க இருந்து வந்தது. தெரிஞ்சு போச்சு" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது, ஆனால் ஓடி முடித்துக் கீழே விழுந்தவளின் சந்தோஷம்.

செப்டம்பர்க் கடைசியில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார். பதில் நவம்பரில் வந்தது. அந்த மாதம்தான் எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. தெருவெல்லாம் தோரணம். "இருந்த எடத்துலயே இருந்து ராஜ்யம் மாறிட்டே" என்று அம்மா அதிசயப்பட்டுக்கொண்டிருந்தாள். பேராசிரியர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். தீயைக் காட்டிய விதத்தை அவ்வளவு பாராட்டியிருந்தார். இப்படியொரு கை தன் ஆய்வுக்கூடத்துக்குக் கிடைக்காமல் போனதில் வருத்தம் என்றும், குழு ஆகஸ்டு மாதமே கூடி, மைனி தாமாகவே விலகிக்கொண்டபடியால், இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது என்றும் எழுதியிருந்தார். மைனி கடிதத்தை என்னிடமே வாசிக்கக் கொடுத்தார். நான் தலை நிமிரவில்லை. அவர் எழுந்துபோய் அம்மாவோடு வாசலில் நின்று தோரணம் பார்த்தார்.

அப்புறம் மைனி எங்கும் கேட்டு எழுதவில்லை. கருவியறை இரண்டு மழைக்குத் தாங்கியது, மூன்றாம் மழைக்குச் சரிந்தது. கட்டிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். எனக்குக் கல்யாணம் பேசி முடித்தது அவர்தான். என் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் ஆராதனைக்குப் போனார். தலைவலி தீர்ந்துவிட்டது என்று ஊர் சந்தோஷப்பட்டது. கண்டங்கள் நகர்வதைப் பள்ளிப் பாடத்திலேயே சேர்த்த காலம் வந்தபோது அவர் ஓய்வு பெற இரண்டோ மூன்றோ வருஷம் இருந்தது. சாயங்காலம் வந்து, "இண்ணைக்கு அந்தப் பாடம் எடுத்தேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்த வாரம்தான் இந்தக் கல்லைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "தாளு பறக்காம இருக்கும்" என்றார்.

அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. டிரங்குப் பெட்டியில் இருந்து ஸ்வெட்டர் கிடைத்தது. ஒரு கை பின்னவே இல்லை. மருமகள், "ஒரு கை இல்லாம இது யாருக்கு?" என்று தூக்கிப் பிடித்துக் காட்டினாள். அவரை அடக்கம் செய்த அன்று கோயிலில் ஆராதனை. போதகர் வயதில் சின்னவர், மைனியை அவருடைய கடைசிக் காலத்தில் மட்டும் பார்த்தவர். நல்ல மனதோடுதான் பேசினார். எத்தனையோ பேர் படித்துவிட்டுப் பரதேசம் போகத் துடிக்கிற இந்தக் காலத்தில், இந்த அம்மா இந்த மண்ணைவிட்டு அசைய ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை என்றார். சபை முழுக்க ஆமாம் என்று தலையாட்டியது. முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான், தொண்ணூறை நெருங்குகிற கிழவன், எழுந்து நின்று இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மட்டும்தான் அது தெரியும். அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

இன்று காலை மருமகள் தூசி தட்டிவிட்டுப் போன பிறகு பார்த்தேன், அம்பு சுவரைப் பார்த்துக் கிடந்தது. எழுந்து அதை வடக்கே திருப்பி வைத்தேன். உள்ளே இருக்கும் ஊசி மட்டமாகத்தான் கிடக்கும். யார் எடுத்து அளந்தாலும், இங்கேயே பிறந்து இங்கேயே கிடந்த கல் என்றுதான் சொல்வார்கள்.